நீல பாஸ்போர்ட்டோடு ஒருத்தி, அது இல்லாமல் ஒரு குடும்பம்

ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர்களின் காதலையும் நிறத்தையும் பற்றி நல்ல நாவல் எது என்று கேட்டால், பெரும்பாலும் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’வைத்தான் சொல்வார்கள். 2013இல் வந்தது. நியாயமான பதில்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே இம்போலோ எம்பூயேயின் ‘பிஹோல்ட் த ட்ரீமர்ஸ்’ (2016) நாவலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். முதலாவது நைஜீரியப் பெண் இஃபெமெலுவின் கதை. அடுத்தது கேமரூனின் லிம்பே ஊரிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்த ஜெண்டே, நேனி தம்பதியின் கதை. இரண்டிலும் 2008ஆம் ஆண்டு முக்கியமாக வருகிறது. இரண்டிலும் ஊர் திரும்புகிறார்கள். திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்கு இரண்டு நாவல்களின் வித்தியாசமும் தெரிந்தது.

அடிச்சி கதையைத் தலைமுடியில் தொடங்குகிறார். பிரின்ஸ்டனில் முடி பின்னிவிட ஆளில்லை, அதனால் இஃபெமெலு ரயிலேறி ட்ரென்டன் போகிறாள். பின்னி முடிக்க மணிக்கணக்காகும். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே பழைய வருடங்கள் விரிகின்றன. முன்பு வேலை நேர்காணலுக்காக ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கியிருந்தாள். தலைத்தோல் வெந்து, முடி கொட்டி, கடைசியில் ஒட்ட வெட்டிக்கொண்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, துரத்தவில்லை. ஆனாலும் தன் தலையில் இயல்பாக வளர்வதோடு அங்கே வேலை கேட்டுப் போக முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. நிறபேதம் அன்றாடத்தில் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

நைஜீரியாவில் இருந்தவரை அவள் தன்னைக் கறுப்பினப் பெண் என்று நினைத்துக்கொண்டதே இல்லை. அமெரிக்கா வந்த பிறகுதான் அப்படி ஆகிறாள். இதைவிடவும் நுட்பமான இடம், அவள் அமெரிக்கக் கறுப்பரான ப்ளெய்னைக் காதலிக்கும் பகுதி. அவன் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். அங்கே நூலகத்தில் காவல் வேலை பார்க்கும் கறுப்பினப் பெரியவர் ஒருவரைப் போதைப்பொருள் விற்கிறார் என்று வீணாகச் சந்தேகிக்கிறார்கள். ப்ளெய்ன் போராட்டத்துக்கு ஆள் திரட்டுகிறான். இஃபெமெலு அதற்குப் போகாமல் ஒரு விருந்துக்குப் போய்விட்டு, தூங்கிவிட்டதாகப் பொய் சொல்கிறாள். அதன் பிறகு ப்ளெய்ன் அவளிடம் பேசாமலே இருக்கிறான். இருவரும் ஒரே நிறம்தான். ஆனால் அவனுக்கு அது பரம்பரை பரம்பரையாகச் சுமந்து வந்த வலி, அவளுக்கு வந்திறங்கிய பின் கற்றுக்கொண்ட பாடம். இந்த இடைவெளியை ஒரு காதல் சண்டைக்குள் வைத்ததுதான் அடிச்சியின் பெரிய சாதனை.

சரி, எம்பூயேயிடம் இது கிடைக்குமா? அவ்வளவாகக் கிடைக்காது. அங்கே நிறத்தைவிடக் காகிதம்தான் பேசுகிறது. ஜெண்டே 2007இல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கியின் அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டும் வேலையில் சேர்கிறான். அவனுடைய அடைக்கல மனு இழுத்துக்கொண்டே போகிறது, வக்கீலுக்குப் பணமும் போய்க்கொண்டே இருக்கிறது. மாணவர் விசாவில் இருக்கும் நேனி பார்மசிஸ்ட் ஆகும் கனவோடு படிக்கிறாள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் திவால் மனு கொடுக்கிறது. முதலாளி வீட்டில் விழுந்த விரிசல் டிரைவர் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. நிறத்தைப் பற்றி நாவல் குறைவாகப் பேசுகிறது என்று யாராவது குறைப்பட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் எப்போது நாடு கடத்துவார்களோ என்ற பயத்தோடு தூங்கப் போகிறவனுக்கு அந்தக் கேள்வியெல்லாம் இரண்டாம்பட்சமாக இருப்பதும் உண்மைதானே.

காதலை எடுத்துக்கொண்டால், நான் எம்பூயே பக்கம் சாய்கிறேன். இஃபெமெலுவுக்கும் அவள் நைஜீரியாவில் விட்டுவந்த காதலன் ஒபின்ஸேவுக்கும் நடுவில் வருவது மௌனம். வாடகைக்குப் பணமில்லாமல் ஒரு டென்னிஸ் பயிற்சியாளர் வீட்டுக்குப் போய் 100 டாலர் வாங்கிவந்த பிறகு, கூசிப்போய் அவனுடைய கடிதங்களுக்குப் பதில் எழுதுவதையே நிறுத்திவிடுகிறாள். நெஞ்சை அறுக்கும் பகுதிதான். ஆனால் அந்தக் காதல் தொலைவிலிருந்தே உயிர் வாழ்கிறது, அதனால் அழகாகவே இருக்கிறது. ஜெண்டேயும் நேனியும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தங்கிவிட வேண்டும் என்பதற்காக, புருஷனை விவாகரத்து செய்துவிட்டுப் பெயரளவில் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட நேனி யோசிக்கிறாள். முதல் பாதியில் நமக்கு அவ்வளவு பிடித்துப்போன ஜெண்டே ஒருநாள் அவளை அடித்துவிடுகிறான். எம்பூயே அவனுக்காக வாதாடவும் இல்லை, அவனை அரக்கனாக்கவும் இல்லை. அன்பு இருந்தும் ஒரு கல்யாணம் எப்படி நைந்துபோகும் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

குறைகள் இரண்டிலும் உண்டு. அடிச்சியின் பாத்திரங்கள் விருந்து மேஜைகளில் கட்டுரை வாசிப்பதுபோல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒபின்ஸேவின் மனைவி கோசிக்கு நாவல் நியாயம் செய்யவில்லை. எம்பூயேயிடம் அந்தப் பணக்காரக் குடும்பம் சற்றுத் தட்டையாக நிற்கிறது.

நோவயலட் புலவாயோவின் ‘வீ நீட் நியூ நேம்ஸ்’ நாவலையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ஜிம்பாப்வே சிறுமியின் அருமையான கதை, ஆனால் காதலைத் தேடி அதை எடுக்க வேண்டாம்.

இனி ஊர் திரும்புவதற்கு வருவோம். இஃபெமெலு லாகோஸ் திரும்பும்போது கைப்பையில் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மறுபடி கிளம்பிவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் அவள் ஊரைக் குறை சொல்லவும் முடிகிறது, நேசிக்கவும் முடிகிறது. ஜெண்டே சேர்த்த டாலர் லிம்பேயில் பெரிய பணம். அவன் நிம்மதியாகவே விமானம் ஏறுகிறான். நேனிக்கு மட்டும் அது தோல்வி, திரும்பி வர வழியில்லாத பயணம்.

அதனால் எம்பூயேயை முதலில் படியுங்கள், அப்புறம் அடிச்சி. இஃபெமெலு தன் விருப்பத்துக்கு லாகோஸ் கிளம்பும் பக்கம் வரும்போது, படிப்பைப் பாதியில் விட்டு விமானம் ஏறிய நேனியும் உங்கள் நினைவில் இருப்பாள்.