எஸ்டிஎன்னா, ஜிபிஐயா? மரபணு முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

50 வயதுக்குள் பார்க்கின்சன் நோய் வந்து, ஆழ்மூளைத் தூண்டல் (மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) வரை போகிறவர்களுக்கு மின்முனையை எங்கே இறக்குவது? மூளையின் ஆழத்தில் இரண்டு இடங்கள் உண்டு. சப்தாலமிக் நியூக்ளியஸ் எனப்படும் எஸ்டிஎன் ஒன்று. குளோபஸ் பாலிடஸின் உட்பகுதியான ஜிபிஐ இன்னொன்று. நடுக்கம், விறைப்பு, மந்தம் மூன்றையும் இரண்டுமே நன்றாகக் குறைக்கும். 2010-இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில், 24 மாத முடிவில் இயக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தீர்மானிப்பது மாத்திரைதான். எஸ்டிஎன்னில், பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவைப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கலாம். ஜிபிஐயில் அவ்வளவு குறையாது. பார்க்கின் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகி, அதனால் நோய் வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். லெவோடோபா அவர்களுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் உடம்பு தானாக நெளியும் டிஸ்கைனீசியாவும் சீக்கிரமே வந்துவிடும். நோய் மெதுவாக நகரும், அறிவாற்றல் நெடுங்காலம் கெடாது. இன்னும் பல பத்தாண்டுகள் மாத்திரையோடு வாழ வேண்டியவர்களுக்கு நான் எஸ்டிஎன் பக்கம்தான். எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஜி2019எஸ் திரிபு உள்ளவர்களுக்கும் அப்படியே.

மாத்திரையைக் குறைக்கும் விதத்தில்தான் கோளாறு வரும். வழக்கமாக 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோ விநாடித் துடிப்பில் தொடங்கி, மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். ஏற்றும்போது நெளிவு கூடினால் பயப்பட வேண்டாம். மின்முனை சரியான இடத்தில் இருப்பதற்கு அது நல்ல அறிகுறி. அப்போது மாத்திரையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் எதிலும் நாட்டமில்லாத நிலையும் மனச்சோர்வும் வந்து சேரும். முகம் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ கதை வேறு: மின்சாரம் பக்கத்து நரம்புப் பாதைக்குக் கசிகிறது, அளவை இறக்க வேண்டும் அல்லது தொடுமுனையை (மின்முனையில் மின்சாரம் வெளிவரும் புள்ளியை) மாற்ற வேண்டும்.

ஜிபிஏ1 என்ற மரபணுவில் திரிபு இருந்தால் என் சாய்வு மாறிவிடும். அவர்களுக்கு அறிவாற்றல் ஏற்கெனவே வேகமாகச் சரியும்; எஸ்டிஎன் தூண்டலோடு அந்தச் சரிவு இன்னும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே ஜிபிஐயைத்தான் முதலில் யோசிப்பேன், இதே திரிபு உள்ளவர்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட நீண்டகாலச் சான்று குறைவு என்றாலும். ஜிபிஐ பெரிய கரு, மின்சாரம் அதிகம் இழுக்கும். அதனால் ரீசார்ஜ் செய்யும் பேட்டரி வைப்பது வசதி.

மரபணு எதுவானாலும், அறுவைக்குத் தகுதி பெற, 12 மணி நேரம் மாத்திரை நிறுத்தி, பிறகு லெவோடோபா கொடுத்துப் பார்க்கும் சோதனையில் இயக்க மதிப்பெண் குறைந்தது 30% முன்னேற வேண்டும். மாத்திரைக்கு மசியாத நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு.