மொட்டை மாடி விமான ரிசீவர்: நான்கு வருட அனுபவம்

பல்லாவரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிவிசி பைப், அதன் உச்சியில் ஆன்டெனா. அதிலிருந்து இறங்கும் கேபிள், ரேடியோ சிக்னலை வாங்கும் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிளில் முடிகிறது. அதைச் செருகியிருப்பது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில். விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடித்து வரைபடத்தில் காட்டும். நான்கு வருடமாக ஓடுகிறது.

35,000 அடியில் போகும் விமானம் 200 கடல் மைல் தாண்டியும் தெரிகிறது. மலை இருக்கும் பக்கம் மட்டும், தாழப் பறப்பவை அறுந்து அறுந்துதான் வரும். ஆரம்பத்தில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் டாங்கிள் திணறியது. குறைத்த பிறகுதான் தூரத்து விமானங்கள் கூடுதலாக வந்தன. இரண்டு முறை மின்வெட்டில் எஸ்டி கார்டு போனது. காக்கைகள் ஆன்டெனாவைத் தங்கள் சொத்தாகவே நினைக்கின்றன.

ஆனால் இந்தப் பெட்டி எதைக் காட்டாது என்பது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எங்கள் தெருவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் காலை மாடியில் காபியோடு நிற்கிறோம். தாம்பரம் பக்கமிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலேயே தடதடவென்று போகிறது. என் திரையில் ஒன்றுமே இல்லை.

"என்ன சார், இது வரலையே?"

"அது பேசினாத்தானேப்பா உன் பெட்டிக்குக் கேட்கும்."

அப்புறம் விளக்கினார். பிரைமரி ராடார் யாரையும் பேசச் சொல்லிக் காத்திருக்காது. அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத் திசையும் தூரமும் கண்டுபிடிக்கும். யார், எவ்வளவு உயரம் என்பது அதற்குத் தெரியாது. செகண்டரி ராடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்தில் இருக்கும் பதில் சொல்லும் கருவியான டிரான்ஸ்பாண்டர் 1090-ல் நான்கு இலக்க அடையாள எண்ணையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். அந்த எண்ணில் 0 முதல் 7 வரைதான் வரும், ஆக மொத்தமே 4,096 எண்கள். ஏடிஎஸ்-பி-க்கு யாரும் கேட்கவே வேண்டாம். விமானமே தன் இடத்தை நொடிக்கு இரண்டு தடவை போல அறிவித்துக்கொண்டிருக்கும். விமான நிலைய ராடார் ஒரு சுற்றுச் சுற்றி வர நாலைந்து நொடி ஆகும். இவை எல்லாவற்றையும் கணினி கோத்து, ஒரு விமானத்துக்கு ஒரே குறியாகக் கட்டுப்பாட்டாளர் முன் வைக்கும். எந்த வழியில் வந்த தகவல் என்பதைக் குறியின் வடிவமே சொல்லிவிடுமாம்.

இப்படிப் பல தகவல்களைக் கோத்துப் பார்ப்பதன் அருமை போன வருடம்தான் உறைத்தது. ஒரு பழைய விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, வீடுகள் மேல் இறங்குவதாக என் வரைபடம் காட்டியது. அலறி அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், அது ஓடுபாதைக்கு நேராகச் சமர்த்தாக இறங்கிக்கொண்டிருந்தது. சில பழைய விமானங்கள் ஜிபிஎஸ்ஸுக்குப் பதிலாக, நேரம் ஆக ஆகப் பிழை கூடிக்கொண்டே போகும் வழிகாட்டிக் கருவியின் கணக்கை அனுப்புகின்றன. அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்ற ஓர் அளவும் கூடவே வரும். கட்டுப்பாட்டு அறைக் கணினி அதைப் பார்த்து ஒதுக்கிவிடும், ராடாரும் கைவசம் இருக்கிறது. என் பெட்டியோ விமானம் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறது.

போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போகும் விமானங்கள் என் திரையில் கடல் மேலேயே மறைந்துவிடும். பூமி வளைந்திருக்கிறதே, வேறு வழியில்லை. நடுக்கடல் கரை ராடாருக்கும் எட்டாது என்கிறார் சார். அங்கே செயற்கைக்கோள் வழியாக விமானம் அவ்வப்போது அனுப்பும் இட அறிக்கையும், தொலைதூரம் எட்டும் இரைச்சலான எச்எஃப் ரேடியோவும்தான். அதனால் ராடார் இருக்கும் இடத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே வழக்கமாக 5 கடல் மைல் இருக்கும் இடைவெளி, கடல் மேல் பல மடங்காகிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். டாங்கிளில் காசை மிச்சம் பிடித்து, நல்ல கேபிளுக்குச் செலவழியுங்கள். எனக்கு ஒவ்வொரு மழைக்காலமும் கனெக்டரில்தான் தண்ணீர் இறங்குகிறது. இந்த ஐப்பசிக்குள் அதை மாற்றியாக வேண்டும்.