கையடக்க ஸ்டாட்டிக் கிராஸ் மெஷின்: ஆறு மாசம் யூஸ் பண்ணின பிறகு

மாடல் ரயில் லேஅவுட்ல (தண்டவாளம், ஊரு எல்லாம் சின்னதா செஞ்சு வைக்கிற பலகை) புல்லு போடுறதுக்குன்னே வர்ற ஸ்டாட்டிக் கிராஸ் அப்ளிகேட்டர் ஒண்ணு வாங்கி ஆறு மாசம் ஆச்சு. கைக்குள்ள அடங்குற டைப், 9 வோல்ட் பேட்டரி, முன்னாடி வடிகட்டி மாதிரி ஒரு மெட்டல் சல்லடை, பின்னாடி ஒரு ஒயர், அது நுனியில ஒரு முதலை க்ளிப், அவ்ளோதான் மெஷின். வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், வாங்குங்க. ஆனா பெரிய புல்வெளி போடணும்னுதான் நான் வாங்கினேன், இப்ப வாங்கச் சொல்றது கட்டடங்களுக்காக. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இதுக்கு முன்னாடி எல்லாம் ஃபோம் தூள்தான். தரையில பசை தடவி மேல தூவி விட்டா பச்சையா ஆயிடும், தூரத்துல இருந்து பாத்தா ஓகே. கண்ணை தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாத்தாதான் தெரியும், பாசி படிஞ்ச மாதிரி இருக்கும், உயரமே இருக்காது. இந்த மெஷின்ல சல்லடைக்குள்ள நைலான் இழை போட்டு, க்ளிப்பை ஈரப் பசையில குத்தின ஒரு ஆணியில மாட்டி, சுவிட்சை அமுக்கிட்டு லேசா ஆட்டுனா இழை எல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. புல்லரிச்சுப் போச்சுன்னு சொல்லுவோமே, அது அப்படியே கண்ணு முன்னாடி நடக்கும். உள்ள இருக்கிற சர்க்யூட் 9 வோல்ட்டை பல ஆயிரம் வோல்ட்டா ஏத்துது, கரண்ட் ரொம்பக் கம்மி. சல்லடையில சார்ஜ் ஏறுன இழை எதிர் முனையான பசையை நோக்கி இழுபட்டுப் போய் ஊசி மாதிரி குத்தி நிக்குது. தலை சீவின சீப்பு பேப்பர் துண்டை இழுக்கும்ல, அதே சமாச்சாரம்தான்.

நிறைய பேர் மெஷினைக் குறை சொல்றாங்க, ஆனா பாதி நேரம் பிரச்சனை பசையிலதான். மரம் ஒட்டுற வெள்ளை பிவிஏ பசையில கொஞ்சம் தண்ணி கலந்து பிரஷ்ல ஒரே சீரா தடவணும், ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அதுல கரண்ட் பாயும். நான் முதல் நாள் ஒரு முழம் நீளத்துக்கு தடவிட்டேன், பாதி போறதுக்குள்ள மிச்சம் ஆடை கட்டிடுச்சு, அங்க விழுந்த இழை எல்லாம் படுத்துக்கிச்சு, சுரண்டி எடுத்துட்டு மறுபடி போட்டேன். இப்ப உள்ளங்கை அளவு இடம்தான் ஒரு தடவைக்கு, ஆணியும் அந்த இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், சல்லடைக்கும் தரைக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் இடைவெளி. இழை டப்பாவை இறுக மூடி வைங்க, ஈரம் பட்டா கட்டி கட்டியா விழும். மிச்சம் விழுந்ததை வேக்குவம் குழாய் வாயில மெல்லிசா ஒரு சாக்ஸ் துணி கட்டி உறிஞ்சி எடுத்தா அப்படியே திரும்ப யூஸ் பண்ணலாம்.

இழை நீளம் வாங்கும்போது கணக்கு போட்டுக்கங்க. எச்ஓங்கிற மாடல் ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு, அதுல 2 மில்லிமீட்டர் இழைன்னா நிஜத்துல 17 சென்டிமீட்டர் புல்லு, 4 மில்லின்னா 35 சென்டிமீட்டர், 12 மில்லி போட்டா ஒரு மீட்டருக்கு மேல, மனுஷன் இடுப்பு உயரம். என் ஸ்கேல் 1:160-ல அதே 4 மில்லி 64 சென்டிமீட்டர் ஆயிடும், ஸ்டேஷன் வாசல்ல அதைப் போட்டா யாரும் வராத ஸ்டேஷன் மாதிரி இருக்கும். கலரும் ஒரே பச்சையா போட்டா பிளாஸ்டிக் பாய் விரிச்ச மாதிரிதான் தெரியும், நான் ரெண்டு பச்சையோட வைக்கோல் கலர் கலந்துதான் போடுறேன்.

இப்ப கட்டடம். பாகம் பாகமா வர்ற கட்டட கிட் வாங்கி மணிக்கணக்கா உக்காந்து ஒட்டி, செங்கல் இடுக்குல எல்லாம் சாயம் இறக்கி, கூரையில துரு வரைஞ்சு, அப்புறம் லேஅவுட்ல கொண்டு போய் வச்சா சுவருக்கு அடியில ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரியும், உள்ள லைட் போட்டா அது வழியா வெளிச்சம் கசியும். அந்த ஒரு கோடு போதும், அத்தனை உழைப்பும் மேஜை மேல வச்ச பொம்மை ஆயிடும். என் கூட்ஸ் ஷெட் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. போன மாசம் அதோட அடிப்பாகத்துல மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டை சுத்தி வச்சு, தரை மண்ணை சுவர் வரைக்கும் ஏத்தி, காஞ்சதும் ஷீட்டை உருவிட்டேன், இப்ப கட்டடத்தை எப்ப வேணா தூக்கலாம். அப்புறம் சுவர் ஓரமா சின்ன பிரஷ்ல பசை இழுத்து முதல்ல 2 மில்லி, காஞ்ச பிறகு ஸ்ப்ரே பசை லேசா அடிச்சு அங்கங்க மட்டும் 4 மில்லி. சரக்கு ஏத்தி இறக்குற கதவு முன்னாடி ஒண்ணுமே போடல, அங்க கால் பட்டு பட்டு வெறும் மண்ணாத்தானே இருக்கும். மழைத்தண்ணி குழாய் இறங்குற மூலையில மட்டும் புல்லு அடர்த்தியா கரும்பச்சையா, அதுக்கு மேல சுவர்ல பச்சை சாக்பீஸ் தூள் ஒரு விரல் தீத்தல். கட்டடம் அங்கயே முளைச்ச மாதிரி உக்காந்துடுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். இடுக்குல இழையை நட்டமா நிறுத்துறது கையால ஆகாத வேலை, இந்த மெஷினால மட்டும்தான் முடிஞ்சுது. ஒண்ணு, பிளாஸ்டிக் சுவர்லயும் இழை ஒட்டிக்கும், பயப்படாதீங்க, பசை காஞ்சதும் சாஃப்ட் பிரஷ்ல தட்டினா போயிடும்.

குறைகளும் இருக்கு. க்ளிப் ஒயர் ரொம்ப குட்டை, ரெண்டாவது மாசமே சால்டர் விட்டுடுச்சு, நானே நீளமான ஒயர் போட்டு ஒட்டிக்கிட்டேன், இவ்ளோ நல்ல சாமானை செய்றவங்க ஒரு ஒயர்ல மிச்சம் பிடிக்கிறது எனக்கு வருத்தம்தான். ஒரே சல்லடைதான் குடுக்கிறாங்க, 2 மில்லி கொட்டுது, 12 மில்லி சிக்குது. 6 மில்லிக்கு மேல போனா பவர் பத்தல, இழை சாஞ்சுதான் நிக்குது, நீள இழை நிறைய போடுறவங்க அதிக வோல்ட் வர்ற பெரிய மாடலுக்கே போயிடுங்க.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி லேஅவுட் பவரை ஆஃப் பண்ணிட்டு டிகோடர் (எஞ்சினை கன்ட்ரோல் பண்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு) இருக்கிற எஞ்சினை எல்லாம் தூக்கி தள்ளி வச்சிடுங்க. முடிச்சதும் க்ளிப்பை சல்லடையில ஒரு தடவை தொட வச்சுட்டு கீழ வைங்க, சுவிட்சை ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜ் மிச்சம் இருக்கும், சுளீர்னு ஒண்ணு குடுக்கும்.