கும்பிட்டா, கட்டியா, அடித்தா? ஏஜ் ஆஃப் மித்தாலஜியில் அருள் சேர்க்கும் மூன்று வழிகள்

ஊர் வளர்த்துப் படை திரட்டி மோதும் கணினி ஆட்டமான ஏஜ் ஆஃப் மித்தாலஜி: ரீடோல்டைத் திறந்து புது ஆட்டம் தொடங்கினால், முதல் கேள்வியே எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறீர்கள் என்பதுதான். ஜீயஸா, ராவா, ஓடினா? முகங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் சலுகைப் பட்டியல். புதிதாக வருபவருக்கு இங்கேயே தலை சுற்றும். இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மகனும் நானும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினோம். அதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்: சலுகைப் பட்டியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்தச் சாமியைக் கும்பிடும் மக்கள், ஆட்டத்தில் செலவழிக்கத் தேவைப்படும் அருளை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் கைக்கு யார் ஒத்துவருவார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மூல ஆட்டம் 2002-ல் வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரிசையைத் தொடங்கிவைத்த டல்லஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ்தான் இதையும் செய்தது. அந்த நிறுவனம் 2009-ல் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் வந்த ரீடோல்ட், வேறு குழுக்கள் சேர்ந்து அதே ஆட்டத்தைப் புதிதாக எழுப்பிக் கொடுத்தது. அடிப்படை மாறவில்லை. உணவு, மரம், தங்கம் சேர்க்க வேண்டும், ஊரை வளர்க்க வேண்டும், படை திரட்ட வேண்டும். எம்பயர்ஸில் நான்காவதாகக் கல் வெட்டுவோமே, அந்த இடத்தில் இங்கே அருள். மினோட்டார், ஸ்பிங்க்ஸ் மாதிரியான புராண உயிரினங்கள் வேண்டுமென்றால் அருள் கொடுக்க வேண்டும். முக்கியமான மேம்பாடுகளுக்கும் அதுவே விலை.

பழைய ஆட்டத்துக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசமும் அருளில்தான் இருக்கிறது. 2002 பதிப்பில் தெய்வ சக்தி ஒவ்வொன்றையும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே முறைதான் பயன்படுத்த முடியும். ஜீயஸின் இடியைக் கடைசி நிமிடத்துக்கு என்று பத்திரப்படுத்தி வைத்து, இறக்காமலேயே தோற்ற ஆட்டங்கள் எனக்கு நிறைய. ரீடோல்டில் ஒரு சக்தியைப் பயன்படுத்திய பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்து, அருள் செலவழித்தால் மறுபடியும் இறக்கலாம். கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் அருளுக்கு இப்போது இன்னொரு செலவு வந்துவிட்டது. ஒரு அசுர மிருகத்தை வாங்குவதா, இன்னொரு இடியை இறக்குவதா என்று ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதனால் அருள் எவ்வளவு வேகமாக வருகிறது, எதைக் கொடுத்தால் வருகிறது என்பது முன்னைவிடப் பல மடங்கு முக்கியமாகிவிட்டது.

கிரேக்கர்களிடமிருந்து தொடங்கலாம். இவர்கள் வழி நமக்குச் சட்டென்று புரியும். கோயில் கட்டி, வேலையாட்களில் சிலரை அங்கே அனுப்பினால் அவர்கள் கோயிலைச் சுற்றி நின்று வேண்டிக்கொள்வார்கள், அருள் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் நாள் ஒன்பது பேரை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்: “மாமா, எல்லாரும் கோயில்லயே நின்னா காட்டுல யாரு மரம் வெட்டுறது?” அவன் கேட்டது சரியான கேள்வி. கிரேக்கரின் சிக்கல் முழுக்க அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். கும்பிடப் போன ஒவ்வொரு கையும் வயலிலிருந்து எடுத்த கை. ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் கொண்டுவரும் அருளும் குறைந்துகொண்டே போகும், ஆகவே கூட்டமாக அனுப்பியும் பிரயோசனமில்லை. ஜீயஸை எடுத்தால் அருள் கொஞ்சம் வேகமாக வரும், புதியவர்களுக்கு அது நல்ல துணை. மற்றபடி கிரேக்கர் எம்பயர்ஸ் ஆடிப் பழகியவர்களுக்கு மிக நெருக்கமானவர்கள். ஈட்டிக்காரன், வில்லாளி, குதிரைக்காரன் என்று படை தெளிவாக இருக்கும். வலுவான படை, ஆனால் மலிவில்லை.

எகிப்தியர்களை நான் இவ்வளவு நேசிப்பேன் என்று நினைக்கவில்லை. இவர்கள் அருளுக்காகக் கும்பிட ஆள் அனுப்புவதில்லை, நினைவுச்சின்னம் எழுப்புகிறார்கள். மொத்தம் ஐந்து, ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. முதலாவது குடிமக்களுக்கு, கடைசியானது தெய்வங்களுக்கு. கட்டும்போது உணவும் தங்கமும் போகும். கட்டி முடித்தால் அது பாட்டுக்கு நிற்கும், அருள் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கையில் இருக்கும் பணத்தை நிலத்தில் போடுகிற குடும்பத்தின் மனநிலை இது. முதல் பத்து நிமிடம் கை இறுக்கமாக இருக்கும், அதற்குப் பிறகு நிம்மதி.

அந்த முதல் பத்து நிமிடத்தைத் தாண்டுவதற்குத்தான் பாரோ இருக்கிறார். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த உருவம் அவர்தான். அரசர் என்று பெயரே தவிர, நாள் முழுக்க ஊருக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர். தானியக் கிடங்கின் பக்கம் நிறுத்தினால் அங்கே கொண்டுவந்து கொட்டும் உணவின் அளவு கூடும். படைக்கூடத்தின் பக்கம் நிறுத்தினால் வீரர்கள் சீக்கிரம் தயாராவார்கள். கட்டிக்கொண்டிருக்கும் நினைவுச்சின்னத்தின் பக்கம் நிறுத்தினால் அது வேகமாக எழும். எகிப்தில் வீடு, கிடங்கு மாதிரியான பல கட்டடங்களுக்குச் செலவே கிடையாது, ஆனால் எழும்ப நேரம் பிடிக்கும். ஆகவே பாரோ இப்போது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் எகிப்தியராக ஆடுபவர் ஓயாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஒரு சண்டையின் பரபரப்பில் அவரைக் கிடங்குப் பக்கமே மறந்து விட்டுவிட்டேன். நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது பாதி எழும்பிய சின்னம் அப்படியே நின்றது. அந்த அருள் வந்திருந்தால் அன்றைய ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும்.

எகிப்துக்குள்ளும் மூன்று பெரிய தெய்வங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராவின் தெய்வ சக்தி மழை. வானம் இருண்டு பெய்ய ஆரம்பித்தால் வயல்களில் வேலை வேகமெடுக்கும். விவசாயம் தெரிந்த எவருக்கும் அந்தக் காட்சி மனதைத் தொடும். ஐசிஸை எடுத்தால் நினைவுச்சின்னங்களே காவல் ஆகிவிடும், அவற்றின் அருகில் எதிரி தன் தெய்வ சக்தியை இறக்க முடியாது. தன் ஊரைப் பொத்திப் பாதுகாத்து வளர்க்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு ஐசிஸைத்தான் சொல்வேன். செத் விலங்குகளை அழைத்துப் படையில் சேர்க்கும் தெய்வம். அதை இன்னும் நான் சரியாகப் பழகவில்லை.

நார்ஸ் மக்கள், அதாவது ஓடினைக் கும்பிடும் வட ஐரோப்பியர்கள், முற்றிலும் வேறு ரகம். இவர்களுக்கு அருள் வரும் வழி சண்டை. வாள் வீசினால் அருள், அடி விழ விழ அருள், வீர நாயகர்கள் அடித்தால் இன்னும் கூடுதல். சும்மா ஊருக்குள் உட்கார்ந்திருந்தால் ஓடின் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலான கட்டடங்களை எழுப்புவதும் காலாட்படைதான். கையில் கோடரி வைத்திருப்பவனே கொத்தனார். எதிரியின் வாசலில் நின்றுகொண்டே அங்கேயே ஒரு படைக்கூடத்தைக் கட்டிவிடலாம். வேறு யாருக்கும் இது இவ்வளவு இயல்பாக வராது.

அவர்களுடைய மாட்டு வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காட்டுப் பக்கம் ஒரு கிடங்கு கட்டுவார்கள். காடு விலகிப் போகப் போக வேலையாட்கள் தூரம் தூரமாக நடப்பார்கள், பிறகு இன்னொரு கிடங்கு கட்ட வேண்டும். நார்ஸுக்குக் கிடங்கே வண்டிதான். மான் கூட்டம் தள்ளிப் போனால் வண்டியும் பின்னாலேயே உருண்டு போகும். வேட்டை முடிந்ததும் அதே வண்டியை ஓட்டித் தங்கச் சுரங்கத்தின் பக்கம் நிறுத்தலாம். அங்கே குள்ளர்களை வேலைக்கு வைத்தால் தங்கம் மற்றவர்கள் தோண்டுவதைவிட விரைவாக வரும், நார்ஸின் இன்னொரு பெரிய தெய்வமான தோரை எடுத்தால் அவர்கள் இன்னும் மலிவு. கண்ணுக்கு எதுவுமே நிலையில்லாத ஊராகத் தெரியும். கணக்குப் பார்த்தால் வீணாகும் நடை மிகக் குறைவு.

நான் இயல்பிலேயே மதில் கட்டிவிட்டு உள்ளே இருக்கிற ஆள். பிரவுசிங் சென்டர் காலத்தில் எம்பயர்ஸ் ஆடியபோது பழகிய பழக்கம் அது. நார்ஸ் அதை இரண்டே நாளில் உடைத்துவிட்டது. ஐந்தாவது நிமிடமே நாலு பேரை அனுப்பி எதிரியின் வேலையாட்களை விரட்ட வேண்டியிருக்கிறது. ஜெயிப்பதற்காக அல்ல, அருளுக்காக. போன நாலு பேரில் மூன்று பேர் செத்தாலும் கோயிலில் ஒரு பூதத்தை அழைக்கும் அளவுக்கு அருள் சேர்ந்திருக்கும். தோல்வியிலும் ஏதோ ஒன்று கையில் மிஞ்சும் இந்த ஏற்பாடு அருமையான வடிவமைப்பு என்று மனதாரச் சொல்வேன்.

அடுத்து வீர நாயகர்கள் விஷயம். சாதாரண மனிதப் படையைப் புராண உயிரினங்கள் நசுக்கும், அந்த உயிரினங்களை வீர நாயகர்கள் வீழ்த்துவார்கள், நாயகர்களைச் சாதாரணப் படை கூட்டமாகச் சேர்ந்து சாய்த்துவிடும். இந்தச் சுழற்சிதான் எல்லாச் சண்டைக்கும் அடிப்படை. கிரேக்கரில் ஜீயஸுக்கு ஜேசன், ஒடிசியஸ், ஹெராக்ளிஸ், பெல்லரஃபோன் என்று பெயர் சொல்லும் நாயகர்கள், ஒவ்வொருவரும் ஒரே ஒருவர்தான். எகிப்தில் பாரோவும் பூசாரிகளும் அந்த வேலையைச் செய்வார்கள், பூசாரிகள் காயத்தையும் ஆற்றுவார்கள். நார்ஸில் ஹெர்சிர் என்ற வீரனை வேண்டிய மட்டும் திரட்டிக்கொள்ளலாம். எதிரி பெரிய மிருகங்களைக் கொண்டுவந்து குவிப்பவர் என்றால் நார்ஸ் கையில் பதில் தயாராக இருக்கும். கிரேக்கருக்கு ஜேசன் விழுந்துவிட்டால் அவர் மறுபடி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

யாரை எடுத்தாலும் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் இரண்டு சிறு தெய்வங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜீயஸ் பக்கம் முதல் தேர்வு அதீனாவா ஹெர்மிஸா என்பது. அதீனா என்றால் மினோட்டாரும், படையின் காயத்தை ஆற்றும் சக்தியும். ஹெர்மிஸ் என்றால் சென்டாரும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாச் சண்டையையும் நிறுத்தும் சக்தியும். இப்படி ஒரே ஜீயஸே ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு ஜீயஸ் ஆகிறார். அட்லாண்டிஸ் மக்கள் 2003-ல் வந்த தி டைட்டன்ஸ் விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள், ரீடோல்டிலும் இருக்கிறார்கள். முதல் மாதத்தில் அவர்கள் பக்கம் போக வேண்டியதில்லை.

சரி, ஏற்கெனவே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வைத்திருப்பவர் இதற்கு மாற வேண்டுமா? 1999-ல் பிறந்து, 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மரத்தின் கிளைகள். ஒருவரை நன்றாகப் பழகினால் மற்றவர்களையும் பாதி பழகியாயிற்று. மித்தாலஜியில் எகிப்திலிருந்து நார்ஸுக்குப் போனால் வீடு மாறியது மாதிரி இருக்கும், சமையலறை எங்கே என்பதிலிருந்து தேட வேண்டும். கோட்டை, மதில், நீண்ட முற்றுகை பிடித்தவர்களுக்கு எம்பயர்ஸ்தான் இன்னும் ஆழம். அப்புறம், அங்கே நமக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் திராவிடர்கள் ஒரு மக்களாக வருகிறார்கள், சுருள்வாள் வீசும் வீரர்கள் இருக்கிறார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தனிக் கதையாக ஆடலாம். கடலும் கப்பலுமாக அதை ஆடிய சந்தோஷத்தை மித்தாலஜி எனக்குத் தரவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ராத்திரியில், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ நடக்க வேண்டும் என்று தோன்றினால் நான் மித்தாலஜியைத்தான் திறக்கிறேன். ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், பெரிய சண்டையில் இடி, பாம்பு, நெருப்பு எல்லாம் சேர்ந்து விழும்போது நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குள் அவன் செத்துப்போகிறான்.

மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுவதற்கு முன் ஃபால் ஆஃப் தி ட்ரைடண்ட் என்ற கதைப் பகுதியை ஆடுங்கள். அட்லாண்டிஸின் கடற்படைத் தலைவன் ஆர்கண்டோஸ் டிராய் போருக்குப் போகிறான், பிறகு எகிப்து, பிறகு வடக்கின் பனி நிலம். 32 கட்டங்கள். கிரேக்கர், எகிப்தியர், நார்ஸ் மூன்று பேரையும் அந்த வரிசையிலேயே கையில் கொடுத்துப் பழக்கிவிடுகிறது. அதை முடித்துவிட்டு எம்பயர்ஸ் பழக்கம் உள்ளவர்கள் ஜீயஸையும், நிதானமாக ஊர் வளர்க்கப் பிடித்தவர்கள் ஐசிஸையும் எடுக்கலாம். என்னைப் போல மதிலுக்குள்ளேயே இருந்து பழகியவர்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டாவது தோரை எடுங்கள்.

நேற்று ராத்திரி பையன் ராவை எடுத்தான், நான் தோர். அவனுடைய மூன்றாவது நினைவுச்சின்னம் எழும்பிக்கொண்டிருந்தபோது என் ஆறு பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பாரோ பக்கத்திலேயே நின்றிருந்தார். “மாமா, அவர மட்டும் விட்ருங்க” என்றான். விடவில்லை. என் பக்கம் அருள் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி வானம் இருண்டு அவன் வயல்களில் மழை பெய்ய ஆரம்பித்தது.