மைக் ப்ரீஆம்புக்கு ஒற்றை ரெசிஸ்டரா, டிவைடரா?

மார்த்தாண்டம் பக்கம் கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுகிற தம்பிமார் பிசி547 டிரான்சிஸ்டரை வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ப்ரீஆம்ப் (மைக்கின் சின்ன சிக்னலை முதலில் பெரிதாக்கும் சர்க்யூட்) செய்தால், அதன் பேஸுக்கு (கட்டுப்படுத்தும் காலுக்கு) வோல்டேஜ் டிவைடர், அதாவது சப்ளையைப் பங்கிடும் இரண்டு ரெசிஸ்டர்தான் என்பேன். சப்ளையிலிருந்து பேஸுக்கு ஒற்றை 4.7 மெகாஓம், கலெக்டரில் (சிக்னல் வெளிவரும் காலில்) 8.2 கிலோஓம் போட்டால், கெயின் (பேஸ் கரன்ட்டை எத்தனை மடங்காக்கும் என்பது) 300 உள்ள பீஸில் கலெக்டர் 4.6 வோல்ட்டில் அழகாக நிற்கும், ஆனால் 600 உள்ளதை மாட்டியதும் 0.2 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் கிழியும். பிசி547 என்ற ஒரே பெயரில் 110 முதல் 800 வரை வருகிறதே!

டிவைடருக்கு சப்ளை பக்கம் 430 கிலோஓம், கிரவுண்ட் பக்கம் 82 கிலோஓம், எமிட்டரில் (மூன்றாவது காலில்) 1.5 கிலோஓம், அதற்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர். டிவைடரால் பேட்டரியில் கூடும் கரன்ட் சுமார் 18 மைக்ரோஆம்பியர்தான், கலெக்டர் கரன்ட் 0.5 மில்லிஆம்பியர். பீஸின் கெயின் மாறினாலும், வெயிலில் பெட்டி சூடானாலும் இந்தக் கலெக்டர் கரன்ட் அவ்வளவாக நகராது.

சரி, 1.5 வோல்ட் செல் ஒன்றில்தான் ஓட்டவேண்டுமா? எமிட்டர் ரெசிஸ்டருக்கு விட்டுக்கொடுக்க வோல்டேஜ் இல்லை, அப்போது ஒற்றை ரெசிஸ்டரே, ஆனால் அதைக் கலெக்டரிலிருந்து பேஸுக்குக் கொடுங்கள்.