இலங்கையின் கிழக்குக் கரைக்கு எந்த போல் ஹெட்?

போல் ஹெட் என்பது ட்ரைபொட்டின் மேல் கமராவைத் தாங்கி, எந்தப் பக்கமும் சாய்க்கவிடும் பந்து மூட்டு. அதை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட கிலோக் கணக்கைத்தான். அந்த எண்ணை வைத்து இரண்டு ஹெட்டை ஒப்பிடவே முடியாது. சிருயி கே-20எக்ஸ் ஹெட்டின் பந்து 38 மிமீ. அது 25 கிலோ தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ரியலி ரைட் ஸ்டஃப் பிஎச்-55 ஹெட்டின் பந்து 55 மிமீ. அதற்கு அந்த நிறுவனம் சொல்வது 50 இறாத்தல், அதாவது 23 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த எவரும் சின்னதுதான் கூடத் தாங்கும் என்று சொல்லமாட்டார். எப்படிச் சோதிப்பது என்பதற்குப் பொது விதி இல்லை. ஒருவர் பந்து நழுவும் எல்லையை எழுதுகிறார், இன்னொருவர் அதில் பாதியை எழுதுகிறார்.

பந்தை நழுவ வைப்பது கமராவின் எடை மட்டுமல்ல. அந்த எடை பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் சேர்ந்துதான். ஒன்றரைக் கிலோக் கமராவை நேராக வைத்தால் ஹெட்டுக்கு வேலையே இல்லை. அதையே நிலைக்குத்துப் படத்துக்காக ஹெட்டின் பக்கவாட்டுப் பள்ளத்தில் சாய்த்தால், எடை மையம் 9 செ.மீ. வெளியே போய் 1.3 நியூட்டன் மீற்றர் அளவுக்குப் பந்தை முறுக்கும். அதே கமரா 18 செ.மீ. தள்ளி நின்றால் முறுக்கு இரண்டு மடங்கு. இதைத் தாங்குவது பந்தின் மேற்பரப்பில் கிடைக்கும் உராய்வு. பந்து பெரிதானால் அந்த உராய்வு மையத்திலிருந்து தூரத்தில் பிடிக்கும், ஆகவே அதே இறுக்கத்தில் கூடுதலாகத் தாங்கும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் பந்தின் விட்டம்தான். லியோஃபோட்டோ எல்எச் வரிசையில் பெயரே அளவைச் சொல்லிவிடும்: எல்எச்-30 என்றால் 30 மிமீ, எல்எச்-40 என்றால் 40 மிமீ. மற்ற நிறுவனங்களில் விபரப் பட்டியலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண லென்ஸுடன் ஒரு மிரர்லெஸ் கமராவுக்கு 30 மிமீ போதும். 70-200 எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவர் 36 முதல் 40 மிமீ வரை போகட்டும். சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் மட்டும் 1.93 கிலோ. கமராவோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். அதற்கு 44 மிமீக்குக் கீழே இறங்க வேண்டாம். அந்த லென்ஸால் ஓடும் யானையையோ பறக்கும் பறவையையோ தொடர்ந்து எடுப்பவருக்கு எந்த போல் ஹெட்டும் சரிவராது, நீண்ட லென்ஸைச் சமநிலையில் தொங்கவிட்டுத் திருப்பும் கிம்பல் ஹெட்தான் வேண்டும். போல் ஹெட்டில் பந்தை இளக்கிய கணத்தில் லென்ஸ் முன்பக்கம் தலைகுத்தி விழுந்து ட்ரைபொட் காலில் அடிபடும். லகுகல குளத்து யானைகளை வீதியோரத்தில் நின்று எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். குமணைத் தேசியப் பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்கும் பேச்சே இல்லை. அங்கே ட்ரைபொட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஜீப் விளிம்பில் வைக்க அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கொண்டு போங்கள்.

அளவுக்கு அடுத்தது உராய்வுத் திருகி. ஒரு ஹெட்டில் மூன்று திருகிகள் இருந்தால், பெரியது பந்தைப் பூட்டுவது, அடியில் உள்ளது ஹெட்டைச் சுழற்றுவதற்கானது, மூன்றாவது உராய்வைக் கூட்டிக் குறைப்பது. விலை குறைந்த ஹெட்களில் காணாமல் போவது இந்த மூன்றாவதுதான். அது இல்லாவிட்டால் பூட்டை இளக்கியதும் கமரா தொப்பென்று விழும், இறுக்கினால் அசையாது, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இருக்காது. சில ஹெட்களில் அது பெரிய திருகியின் நடுவிலேயே சின்னச் சக்கரமாக இருக்கும், அதுவும் சரிதான். அமைப்பது எளிது. உங்களிடம் உள்ள ஆகக் கனமான கமராவும் லென்ஸும் பூட்டி, ஒரு கையால் கமராவைத் தாங்கிக்கொண்டு பூட்டை முழுதாக இளக்குங்கள். கையை எடுத்தால் கமரா நின்ற இடத்திலேயே நிற்கும் அளவுக்கு, ஆனால் விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு உராய்வை ஏற்றுங்கள். அதன்பிறகு பூட்டுக்குக் கால் சுற்று போதும்.

எங்கள் பக்கத்தில் இந்தத் திருகியின் அருமை தெரிவது பௌர்ணமி மாலையில். கல்லடிக் கடற்கரையில் நிலா கடலுக்கு மேலேயே எழும். அது தன் விட்ட அளவு தூரத்தை ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 600 மிமீயில் எடுப்பவர் நிமிடத்துக்கு ஒருமுறை கமராவைச் சிறிது உயர்த்த வேண்டி வரும். உராய்வு சரியாக இருந்தால் பூட்டைத் தொடாமலே தள்ளிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இளக்கி, தூக்கி, இறுக்கி, கையை எடுத்ததும் படம் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இறக்கம்தான் போல் ஹெட்களின் பொதுக் குறை. முழுதாக இறுக்கிக் கையை எடுத்ததும் படம் ஒரு நூல் கீழே இறங்கும். நல்ல ஹெட்டில் மிகக் குறைவு, மட்டமானதில் கண்ணுக்கே தெரியும். சின்னப் பொருளை மிக அருகில் வைத்து மக்ரோ எடுப்பவருக்கு இதுதான் பெரிய எரிச்சல். பந்து முழு உருண்டையாக இல்லாமலும் அதைப் பிடிக்கும் கிண்ணம் சரியாகப் பொருந்தாமலும் இருந்தால் இது கூடும். ஆர்கா-ஸ்விஸ் மோனோபோல் இதற்கு வேறொரு வழி பார்த்தது. அதன் பந்து முழு உருண்டை அல்ல. கமரா சாயச் சாய உராய்வு தானாகக் கூடும்படி கடைந்திருக்கிறார்கள். அருமையான வேலை, விலையும் அதற்கேற்றபடி.

இனி மணல். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் ஹெட் பழுதாவது எடையால் அல்ல, மணலாலும் உப்பாலும்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ட்ரைபொட்டை நிலத்தில் படுக்கவே வைக்க வேண்டாம். பந்துக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடையிலான மெல்லிய இடைவெளிக்குள் ஒரு மணி மணல் போனால், பந்தை அசைக்கும்போதெல்லாம் அது கோடு கிழிக்கும். கோடு விழுந்த பந்து சீராக நகராது. முதலில் ஒட்டும், பிறகு திடீரென்று தாவும். மெதுவாகச் சரிசெய்யப் பார்க்கும்போது படம் எல்லையைத் தாண்டிப் போய்விடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே அக்ராடெக் ஜிபி ஹெட்டைக் கரையோரத்தில் வேலை செய்வோருக்குத் தயங்காமல் சொல்லலாம். அதன் உடல் மூடிய குவளை அல்ல, பந்து பெரும்பாலும் வெளியே தெரியும் திறந்த சட்டகம். உள்ளே கிறீஸ் கிடையாது, ஆகவே மணல் ஒட்டிக்கொண்டு நிற்க இடமில்லை. நிறுவனம் சொல்லும் தாங்குதிறன் 25 இறாத்தல்தான், அதாவது 11 கிலோ சொச்சம், சிருயியின் பெட்டியில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். விலை சிருயியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், அமெரிக்காவில் செய்வது என்பதால் வரவழைக்கும் செலவும் சேரும். மாதத்தில் ஒருமுறை கடற்கரைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை. அவருக்குக் கே-20எக்ஸ் அல்லது எல்எச்-40 வாங்கி ஒழுங்காகத் துடைத்து வைப்பதே மேல். கே-20எக்ஸ் ஏறக்குறைய 400 கிராம். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் அதே வரிசையில் 44 மிமீ பந்துள்ள கே-30எக்ஸ் எடுக்கலாம். 36 மிமீ என்று ஒன்லைனில் மலிவாக வரும் பெயர் தெரியாத ஹெட்கள் வீட்டுக்குள் பொருட்படம் எடுக்கப் போதும். கடற்கரைக்கு அவை ஒரு பருவம் தாண்டுவது சந்தேகம்.

மான்ஃப்ரொட்டோ நல்ல ஹெட்கள் செய்கிறது, 496இல் உராய்வுத் திருகியும் உண்டு. சிக்கல் அதன் ஆர்சி2 பிளேட், அதாவது கமராவின் அடியில் பூட்டும் தட்டு. பல நிறுவனங்கள் பின்பற்றும் ஆர்கா-ஸ்விஸ் வகைக் கிளாம்பில், அதாவது பிளேட்டைப் பிடிக்கும் பிடியில், அது நிற்காது. இரண்டு முறைக்கும் பொருந்தும் 200பிஎல்-ப்ரோ பிளேட்டை வாங்கினால் சமாளிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் ஆர்கா முறையோடு தொடங்குவதே நல்லது. அந்தப் பிளேட்டின் அகலம் சுமார் 38 மிமீ, ஓரங்கள் 45 பாகைச் சரிவு. ஆனால் எல்லா நிறுவனமும் அதை ஒரே அளவாகச் செய்வதில்லை. கால் மில்லிமீற்றர் அங்கே இங்கே மாறும். அதனால் கிளாம்ப் எப்படிப் பூட்டுகிறது என்பது முக்கியம். நெம்புகோல் வகை வேகமானது, ஆனால் ஒரே அகலத்துக்குத்தான் அமைத்திருப்பார்கள். வேறு நிறுவனப் பிளேட் வைத்தால் ஒன்றில் மூடாது, அல்லது மூடியும் ஆடும். திருகு வகை எந்தப் பிளேட்டையும் பிடிக்கும். பல நிறுவனப் பிளேட் கையில் உள்ளவர் திருகு வகையையே வாங்கட்டும். டாம்ரன் 150-600 ஜி2 போன்ற சில லென்ஸ்களின் காலிலேயே ஆர்கா வெட்டு உண்டு. தனிப் பிளேட் தேவையில்லை. பிளேட்டின் இரு முனையிலும் சின்ன நிறுத்து ஸ்க்ரூக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளாம்ப் இளகினால் கமரா வழுகி விழாமல் தடுப்பவை அவைதான். அவற்றைக் கழற்றி வீசிவிட்டுப் பாவிப்பவர்கள் பலர்.

நிலைக்குத்துப் படம் அதிகம் எடுப்பவர், திருமண ஸ்டூடியோக்காரர் உட்பட, பெரிய ஹெட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு எல் வடிவப் பிளேட் வாங்குவது புத்தி. கமராவைத் திருப்பி அந்தப் பிளேட்டின் பக்கவாட்டைப் பூட்டினால் எடை பந்துக்கு நேர் மேலேயே நிற்கும். முன்சொன்ன முறுக்கு ஏறக்குறைய இல்லாமல் போகும். காணொளிக்கு மட்டும் போல் ஹெட்டை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். பந்து எல்லாப் பக்கமும் சரியும், சீரான ஓட்டம் வராது. அதற்கு, சீராக நகரும் ஃப்ளூயிட் ஹெட் இருக்கிறது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் கமராவையும் நீண்ட லென்ஸையும் கொண்டு போங்கள். ஹெட்டை ட்ரைபொட்டில் பூட்டி, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் ஒரு எழுத்தை நடுவில் வைத்துப் பூட்டுங்கள். இறுக்கும்போது எழுத்து பக்கவாட்டில் ஓடுகிறதா, கையை எடுத்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு பூட்டிய நிலையில் லென்ஸ் நுனியை மெல்லத் தள்ளி விடுங்கள். எழுத்து பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பந்தை வெறுமனே மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள், எங்காவது தட்டினால் வேண்டாம். சுழற்றும் அடிப்பகுதியைப் பூட்டிவிட்டு மேல்பகுதியைப் பிடித்து அசைத்தால் துளியும் ஆடக்கூடாது. நீர்மட்டக் குமிழியைச் சோதிக்க ஹெட்டை 180 பாகை திருப்புங்கள். குமிழி நடுவிலேயே நின்றால் அடிப்பாகம் மட்டமாக இருக்கிறது என்று நம்பலாம், ஹெட்டின் மறுபக்கத்துக்கு ஓடினால் அடிப்பாகம் சாய்ந்திருக்கிறது. ஹெட்டோடு சேர்ந்து அதே பக்கத்திலேயே சுற்றி வந்தால் குமிழியே பிழை. மட்டமான ஹெட்களில் இது சாதாரணம்.

ட்ரைபொட்டின் தலையில் இருக்கும் ஸ்க்ரூ 3/8 அங்குலமா 1/4 அங்குலமா என்று வாங்கமுன் பாருங்கள். பெரும்பாலான ஹெட்களின் அடித்துளை 3/8. குறைக்கும் உள்வளையம் வைத்தும் பூட்டலாம், ஆனால் அது ஹெட்டோடு கழன்று வரும் தொல்லை உண்டு. ஹெட்டை இடஞ்சுழியாகச் சுழற்றும்போது முழு ஹெட்டும் காலிலிருந்து கழன்று வருவதும் இந்த மூட்டில்தான். ட்ரைபொட் தட்டின் அடியில் சின்ன நிறுத்து ஸ்க்ரூக்கள் இருந்தால் அவற்றை அலன் கீயால் ஏற்றி ஹெட்டின் அடியை அழுத்தவிடுங்கள், கழலாது.

கடலிலிருந்து திரும்பியதும் செய்யும் வரிசை முக்கியம். முதலில் பந்தை இளக்காமலே காற்றூதியால் எல்லா இடுக்கையும் ஊதுங்கள். மணல் இருக்கும்போது துடைத்தால் துணியே அரமாகிவிடும். அதன்பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் திருகிகளையும் துடையுங்கள். அலுமினிய உடலில் உருக்கு ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் உப்பு நின்றால் அரிப்புத் தொடங்கி, சில மாதத்தில் ஸ்க்ரூ இறுகிப் பிடித்துவிடும். பிறகுதான் பந்தை இளக்கி, பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுத்துணியால் பந்தின் எல்லாப் பக்கத்தையும் துடைக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ பந்தில் படவே கூடாது. வழுவழுப்பாக நகருவது போலத் தெரியும், ஆனால் ஹெட் பிடிப்பதே அந்த உராய்வால்தான். எண்ணெய் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் பலமுறை துடைத்துத்தான் மீட்க வேண்டும். துடைத்து முடித்ததும் பூட்டை இறுக்கி வைக்காமல் இளகலாக விட்டு, ஈரம் உலர்ந்த பிறகு பைக்குள் வையுங்கள்.