புது வண்டி முதல் சர்வீஸ், கடலூர் ஷோரூம்: ஐந்துக்கு மூன்று

வாங்கிய ஷோரூமிலேயே முதல் சர்வீஸை முடித்தாயிற்று. ஒர்க்‌ஷாப் வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் புது இன்ஜினை எப்படி ஓட்ட வேண்டும் என்று முன்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஸ்டார் அதனால்தான்.

வண்டி 160 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், ஏர் கூலிங். சாவி கொடுக்கும்போது சேல்ஸ் தம்பி "நாப்பதத் தாண்டாதீங்க சார், இன்ஜின் செட் ஆகட்டும்" என்றதோடு சரி. எந்த கியரில் நாற்பது என்று கேட்டால் சிரிக்கிறார். டாப் கியரில் நாற்பதில் உருட்டிக்கொண்டு மேடு ஏறினால் இன்ஜின் திணறும், இரண்டாவது கியரில் அதே நாற்பதில் கத்தும், இரண்டுமே புது இன்ஜினுக்கு ஆகாது. சிலிண்டர் உள்சுவரில் கம்பெனியிலேயே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல் போட்டு அனுப்புகிறார்கள். அந்தக் கீறல்களின் கூர்முனைகள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோடு உரசித் தேய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்தால்தான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசியாமல் நிற்கும். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவதில் உள்ளே எரியும் வாயுவுக்குத்தான் பெரிய பங்கு, அது ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுகிறது, அதனால் பயந்து பயந்து இன்ஜினுக்கு வேலையே கொடுக்காமல் ஓட்டினால் ரிங் சரியாகப் படியாமல் பின்னாளில் வண்டி ஆயில் குடிக்க வாய்ப்பு உண்டு. அதற்காக முதல் நாளே முறுக்கித் தள்ளவும் கூடாது, உரசல் அதிகமாக இருக்கும் நேரத்தில் சூடும் சேர்ந்துகொள்ளும். நடுத்தரமாக முறுக்கி, வேகத்தை ஏற்றி இறக்கி, கியரை மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் சரி. வண்டியோடு தரும் புத்தகத்திலேயே இருக்கிறது: முதல் 500 கிலோமீட்டருக்கு முழு த்ராட்டில் வேண்டாம், தடாலென்று கியரை இறக்க வேண்டாம், பிரேக்கையும் முரட்டுத்தனமாகப் பிடிக்க வேண்டாம். இதைப் படித்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

கடலூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுச்சேரி ரோட்டில் ரெட்டிச்சாவடி தாண்டிவிட்டால் கை தானாக ஒரே வேகத்தில் நின்றுவிடும், ரன்-இன் சமயத்தில், அதாவது புது இன்ஜினைப் பழக்கும்போது, அது உதவாது (பெட்ரோல் விலை குறைவு என்று எல்லை தாண்டி டேங்க் நிரப்பப் போகிறவர்கள் எப்படியும் போகத்தான் போகிறீர்கள், வழியில் வேகத்தையாவது மாற்றிக்கொண்டே போங்கள்). நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகும் ரோடு இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. ஊருக்கு ஊர் வேகத்தடை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், நடுவில் கொஞ்சம் காலி ரோடு என்று எல்லா கியருக்கும் வேலை இருக்கும். கேப்பர் மலை ஏற்றமும் நல்லது, மூன்றாவது கியரில் அளவாக முறுக்கி ஏறி, இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு இன்ஜின் பிரேக்கிலேயே வரலாம்.

சரி, சர்வீஸுக்கு வருகிறேன். பழைய ஆயிலை இறக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்க விட்டார்கள், இதைப் பல இடங்களில் செய்வதில்லை. இறங்கிய ஆயிலை வெயிலில் பார்த்தால் பொடிப்பொடியாக மினுமினுப்பு. மெக்கானிக் அண்ணன் விரலில் தொட்டுக் காட்டி, "மாவு மாதிரி இருந்தா பயமில்ல, துகளா கையில தட்டுப்பட்டாத்தான் யோசிக்கணும்" என்றார். கீறல் முனையும் கியர் பல்லும் தேய்ந்த உலோகத் தூள்தான் அது. முதல் ஆயிலைத் தள்ளிப் போடாமல் மாற்றச் சொல்வது இதற்காகத்தான், கிலோமீட்டர் ஆகவில்லையே என்று மாதக்கணக்கை விட்டுவிடாதீர்கள், புத்தகத்தில் எது முதலில் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழுவினார், டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார், இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்தார். காலையில் முதல் வண்டியாக விட்டால் இந்தக் காத்திருப்பு குறையும்.

குறை இரண்டு. செயினை ரொம்ப இழுத்துக் கட்டியிருந்தார்கள், ஆள் ஏறி உட்கார்ந்ததும் விறைத்துக்கொண்டது, திரும்பப் போய்ச் சொன்னதும் முகம் சுளிக்காமல் தளர்த்திக் கொடுத்தார்கள். அடுத்தது, ஆயிலோடு ஏதோ ஒரு சேர்மானத்தைக் கலந்தால் இன்ஜின் ஸ்மூத்தாகும் என்று அட்வைசர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வண்டியில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது, வழுவழுப்பு கூடினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும், ரிங் படிய வேண்டிய நேரத்தில் அது தேவையும் இல்லை. வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் வாஷருக்கும் காசு உண்டு, அதையும் முன்கூட்டியே அவர்கள் சொல்வதில்லை.

அடுத்த சர்வீஸும் இங்கேதான். ஆனால் சனிக்கிழமை கூட்டத்தில் விட மாட்டேன், அந்த மெக்கானிக் அண்ணன் வந்திருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.